எது ஆடாது?

விமானத்தைப் பெட்டியில் போட்டு, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஜெர்மனியில் ஏப்ரல் பிறந்துவிட்டால் இது சகஜமான காட்சி. எட்டு, ஒன்பது மீட்டர் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு டிரெய்லர். முன்பக்கம் ஒல்லி, பின்பக்கம் கொஞ்சம் பருமன். உள்ளே இருப்பது கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாத விமானம். இரண்டு இறக்கைகளையும் கழற்றி, உடம்புக்கு இருபுறமும் நிறுத்திவைத்து, மூடி போட்டு மூடியிருப்பார்கள்.

ஜெர்மானியர்களுக்கு இதில் இத்தனை பித்துப் பிடித்ததற்கு ஒரு காரணம், 1919-ல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தம். முதல் உலகப் போரில் தோற்ற நாடு விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது, இன்ஜின் வைத்த விமானங்களுக்குக் கெடுபிடி என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ‘இன்ஜின்தானே கூடாது?’ என்று கல்லூரிப் பையன்கள் 1920-ல் வாஸர்குப்பே என்ற 950 மீட்டர் உயர மொட்டைக் குன்றின்மேல் ஏறி, மரத்திலும் துணியிலும் செய்த கிளைடர்களைப் பறக்கவிட்டுப் போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று தடுத்தவர்கள் புண்ணியத்தில் ஒரு விளையாட்டு வளர்ந்தது.

என் தங்கை பையன் ஸ்டுட்கார்ட்டில் இன்ஜினீயர். வாரம் ஐந்து நாள் காருக்கு பிரேக் டிசைன் பண்ணிவிட்டு, வாரக் கடைசியில் பிரேக்கே தேவைப்படாத ஆகாயத்துக்குப் போய்விடுகிறான். கிளப் நண்பர் ஒருவரோடு பாதிப் பங்கு போட்டு ஒரு பழைய எல்.எஸ்.4 கிளைடர் வாங்கியிருக்கிறான். 1980-ல் முதன்முதலாகப் பறந்த மாடல். 15 மீட்டர் இறக்கை, 240 கிலோ சொச்சம் எடை. ஆயிரத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இதை விட்டால், காற்று அசையாத நாளில் 40 கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டே போய் இறங்கும். வெயிலில் சூடாகி மேலே எழும்பும் காற்று கிடைத்தால் அதிலேயே பருந்து மாதிரி வட்டமடித்து ஏறி, மறுபடி வழுக்கலாம். நல்ல நாளில் முந்நூறு, ஐந்நூறு கிலோமீட்டர்கூடச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

நல்ல நாளில். மற்ற நாட்களில் சாயங்காலம் மேகம் வந்து மூடும். மேலே எழும்பும் காற்று நின்றுபோகும். இன்ஜின் கிடையாது, ஸ்டார்ட் பண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. கீழே அறுவடை முடிந்த கோதுமை வயலாகப் பார்த்து இறக்கிவிட்டு, வயல்காரரைத் தேடிப் போய் மரியாதையாகச் சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டியதுதான். ‘இந்த ஊர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வந்து கூட்டிக்கொண்டு போ.’

அந்த போனை எடுப்பவர்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகி. அவன் மனைவி. டிரெய்லரைக் காரில் மாட்டிக்கொண்டு வயலைத் தேடிப் போய், இறக்கை கழற்றக் கைகொடுத்து, புருஷனையும் விமானத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரவேண்டியது அவள் பொறுப்பு. மீட்கப்பட்டவர், மீட்டவருக்கு ராத்திரி சாப்பாடு வாங்கித் தரவேண்டும் என்று கிளைடர்காரர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு.

சமீபத்தில் நான் அங்கே போயிருந்தபோது, வீட்டில் இது சம்பந்தமாக ஒரு பிரச்னை. பழைய டிரெய்லர் பிளைவுட்டில் செய்தது. எப்போதோ கிளப் பெரியவர் ஒருவர், அப்போது வைத்திருந்த மரக் கிளைடருக்காகத் தன் கையால் செய்தது. அடிப்பலகை உளுத்துப்போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் கட்டாயப் பரிசோதனையில் தேறவில்லை. ஆகவே வேறு வாங்க வேண்டும். புதுசு பத்தாயிரம் யூரோவைச் சுலபமாகத் தாண்டுகிறது. இரண்டாம் கையாக இரண்டு டிரெய்லர்கள் கிடைத்தன, ஏறக்குறைய ஒரே விலைக்கு. ஒன்றின் மேல்மூடி ஃபைபர்கிளாஸ். மற்றொன்றுக்கு அலுமினியம்.

எதை வாங்குவது? கிளப்பில் இதற்கு இரண்டு கட்சி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீர் மேஜையில் இவர்கள் வாதாடுவதைக் கேட்டால் நம்மூர் சட்டசபை தேவலை.

ஃபைபர் கட்சி சொல்வது இது. ஃபைபர் மூடியை அச்சில் வார்த்து ஒரே துண்டாக எடுக்கிறார்கள். தையல் இல்லை, ரிவெட் இல்லை, ஒழுகாது. அலுமினியம் தகடு தகடாகச் சேர்த்து ரிவெட் அடித்தது. கோடை வெயிலுக்கும் பனிக்கால விடியலுக்கும் 50 டிகிரி வித்தியாசம் வைத்துக்கொண்டால், எட்டரை மீட்டர் அலுமினியம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். கீழே இருக்கும் இரும்பு ஃபிரேம் அதில் பாதிதான் நீளும். வருஷக்கணக்கில் இந்த இழுபறி நடந்தால் ரிவெட் தளரும், இடுக்கில் பூசின பசை வெடிக்கும், தண்ணீர் உள்ளே வரும். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள். அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். அடுத்தது ஆலங்கட்டி மழை. 2013 ஜூலை 28-ம் தேதி ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ராய்ட்லிங்கன் பக்கத்தில் பெய்த ஆலங்கட்டி, ஜெர்மன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளால் மறக்க முடியாத ஒன்று. அந்த மாதிரி அடித்தால் அலுமினியத்தில் அம்மை போட்ட மாதிரி பள்ளம் விழும். ஃபைபர் கொஞ்சம் வளைந்துகொடுத்துப் பழைய நிலைக்கு வந்துவிடும். விரிசல் விட்டாலும் கிளைடருக்கு ஒட்டுப் போடுகிற அதே ரெசினும் கண்ணாடித் துணியும் கிளப் ஷெட்டிலேயே இருக்கிறது.

உலோகக் கட்சி விடுமா? ஃபைபர்கிளாஸின் பளபளப்பெல்லாம் வெயிலில் நாலைந்து வருஷம் நிற்கும்வரைதான் என்றார்கள். அப்புறம் கைவைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். வருஷா வருஷம் மெழுகு தேய்க்க வேண்டும். எடை இன்னொன்று. இங்கே ஒரு வேடிக்கை. ஃபைபர்கிளாஸ் அலுமினியத்தைவிட லேசான பொருள். ஆனால் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு செய்கிற வேலைக்கு ஃபைபரில் மூன்று மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சதுர மீட்டருக்கு அலுமினியம் 2.7 கிலோ, ஃபைபர் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 25 சதுர மீட்டர் மூடி என்றால் 50 கிலோ வித்தியாசம் வருகிறது. அதுவும் உச்சந்தலையில்.

இந்தச் சண்டை டிரெய்லருக்கு முன்பே ஆகாயத்தில் நடந்து முடிந்த சண்டை. 1957 நவம்பரில் ஃபீனிக்ஸ் என்ற கிளைடர் ஸ்டுட்கார்ட் மாணவர்கள் ஆரம்பித்த டிசைனிலிருந்து பிறந்து பறந்தது. உலகின் முதல் ஃபைபர்கிளாஸ் கிளைடர் அதுதான். அமெரிக்காவில் ஷ்வைஸரும் செக்கோஸ்லோவாகியாவில் பிளானிக்கும் உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிளானிக் எல்-13 ஆயிரக்கணக்கில் விற்ற நல்ல பயிற்சி விமானம். 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை, உலோகம் களைத்துப்போனதால் ஆகாயத்திலேயே முறிந்தது. அதற்கப்புறம் உலகம் பூராவும் அவற்றைத் தரையில் நிறுத்தினார்கள். போட்டிகளில் இன்றைக்கு ஜெயிப்பது பிளாஸ்டிக்கும் நாரும்தான். ஃபைபர் கட்சிக்காரர்கள் டிரெய்லர் விஷயத்திலும் இந்த வெற்றியை நெஞ்சில் குத்திக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ஆகாயத்தில் ஜெயித்ததற்குக் காரணம், இறக்கையின் வளைவை மெழுகு மாதிரி வழவழப்பாக வார்க்க முடிந்தது. டிரெய்லர் கூரைக்கு அந்த வழவழப்பினால் பைசா பிரயோஜனம் இல்லை.

சூடு விஷயத்தில் இரண்டு கட்சியும் தப்பு. ‘அலுமினியம் சூட்டைக் கடத்தும், ஃபைபர் கடத்தாது, அதனால் உள்ளே குளுகுளு’ என்கிறார்கள். அலுமினியம் பல நூறு மடங்கு சுலபமாகக் கடத்துவது வாஸ்தவம். ஆனால் ஒரு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் தடிமனில் எதுவுமே சூட்டைத் தடுத்து நிறுத்தாது. நிறம்தான் கணக்கு. வெள்ளை பெயிண்ட் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. மீறி உள்ளே வாங்கிய சூட்டையும் வெளியே விடுகிறது. பெயிண்ட் அடிக்காத பளபள அலுமினியம் வாங்கியதை லேசில் விடுவதில்லை. வெயிலில் கிடந்த எவர்சில்வர் குடத்தைத் தொட்டுப் பாருங்கள், புரியும். ராத்திரியில் இரண்டு கூரையும் குளிர்ந்து உள்பக்கம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் சொட்டிக் கிளைடரின் பூச்சையும் பேரிங்கையும் கெடுக்கும். அதற்கு மருந்து, முன்னாலும் பின்னாலும் காற்று போக வர ஓட்டை. வெள்ளையடித்து, ஓட்டை விட்டிருந்தால் எந்தக் கூரையும் சரி.

தங்கை பையன் இதையெல்லாம் லேப்டாப்பில் எக்ஸெல் ஷீட்டாகப் போட்டிருந்தான். ஒவ்வொரு குணத்துக்கும் மார்க். ஃபைபர் 71, அலுமினியம் 69.

“மாமா, ரெண்டு மார்க் வித்தியாசம். ஃபைபர்தானே?” என்றான்.

அவன் மனைவி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, “எது ஆடாதுன்னு அதுல ஒரு வரி இருக்கா?” என்றாள்.

அவன் பேசவில்லை. பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள். இரண்டு கோடைக்கு முன் ஆட்டோபானில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது பழைய டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்துவிட்டது. முதலில் லேசாக. அப்புறம் காரின் பின்பக்கத்தையே பிடித்து இடதும் வலதுமாக உலுக்கியிருக்கிறது. பக்கத்து லேனில் லாரி. “நான் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது எதிர்ப் பக்கம் போகுது மாமா. எப்படியோ நின்னுச்சு. கை நடுக்கம் அடங்க அரைமணி ஆச்சு.” அதற்கப்புறம் அவள் டிரெய்லரைத் தொடவில்லை. அவனும் அப்புறம் கிளப்பைவிட்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. போன் போட ஆள் இல்லை என்றால் கிளைடர்காரன், கயிறு கட்டின காற்றாடிதான். இது இருவருக்கும் தெரியும், இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்குச் சப்பாத்தி சாப்பிடும்போது விளங்கியது.

டிரெய்லர் ஏன் நெளிகிறது? கூரை ஃபைபரா உலோகமா என்பதற்கும் இதற்கும் நேரடி சம்பந்தமில்லை. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். கிளைடரை வாலை முன்னால் விட்டு உள்ளே தள்ளுகிறார்கள். ஆகவே பைலட் உட்காரும் கனமான மூக்கும், இறக்கைகளின் தடித்த அடிப்பாகமும் டிரெய்லரின் பின்பக்கம் வருகின்றன. அதைச் சமாளிக்கத்தான் சக்கரத்தை நடுவில் வைக்காமல் பின்னால் தள்ளி வைப்பார்கள். இந்தக் கணக்கில் பிசகினால் டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தாமல் லேசாகிவிடும். பின்பாரம் ஊஞ்சல் மாதிரி ஆடும். குறைந்த வேகத்தில் அந்த ஆட்டம் தானாக அடங்கும். ஒரு வேகத்துக்கு மேல் அடங்காமல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வளரும். அப்போது ஸ்டீயரிங்கை எதிர்த் திசையில் திருப்பித் திருப்பிச் சண்டை போடக் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து நேராக்கிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து.

மறுநாள் காலை, உளுத்த டிரெய்லர் வண்டியை வெளியே இழுத்தோம். குளியலறையிலிருந்து எடை மெஷினைக் கொண்டுவந்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கினோம். உள்ளே கிளைடர், பின்பக்கம் வழக்கமாக ஏற்றும் டூல் பாக்ஸ், டெண்ட், தண்ணீர் கேன் எல்லாம் அப்படியே. மெஷின் காட்டியது 18 கிலோ. கார் கொக்கி தாங்கும் அளவு 75. அந்த 75-ஐத் தாண்டாமல், ஆனால் அதற்குக் கிட்டத்தில் வைப்பதுதான் உத்தமம் என்பது அங்கே டிரெய்லர் இழுப்பவர்களின் பாலபாடம்.

அவள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்ப என் டிரைவிங்ல தப்பு இல்ல” என்றாள். இரண்டு வருஷமாக அவள் மனசில் கிடந்தது இதுதான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வேறு ஒரு கிளைடருக்காகச் செய்த பெட்டியில் இதைத் திணித்து, மிச்சம் இருந்த இடத்திலெல்லாம் சாமான் அடைத்ததன் வினை.

அடுத்த சனிக்கிழமை டிரெய்லர் பார்க்கப் போனோம். பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் எடுத்துப் போவார்கள். இவள் எடை மெஷினை எடுத்துக்கொண்டாள்.

ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் அழகாக இருந்தது. வெள்ளையாக, வழவழவென்று, பிறந்த குழந்தை மாதிரி. ஆனால் வேறு ரக கிளைடருக்குச் செய்தது. உள்ளே இருக்கும் தாங்கிகளையெல்லாம் மாற்ற வேண்டும். மாற்றினபின் எடை எங்கே போய் உட்காரும் என்று விற்பவருக்குத் தெரியவில்லை. காலியாக இருந்ததால் எங்களாலும் பார்க்க முடியவில்லை.

அலுமினிய டிரெய்லருக்கு அழகு போதாது. ஓரத்தில் ஒரு நசுங்கல். இரண்டு இடத்தில் பசை வெடித்திருந்தது. ஆனால் அவர் வைத்திருந்ததும் எல்.எஸ்.4. உள்ளேயே இருந்தது. மெஷினை வைத்தாள். 68 கிலோ. சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது. டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் நாலு எண்ணாக அச்சடித்திருக்கும். அதைப் படித்தாள். ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்கு சாதாரணமாக 80 கிலோமீட்டர்தான் வேகம். 100-க்கு அனுமதி ஸ்டிக்கர் வேண்டுமென்றால் டயர் ஆறு வருஷத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கடைசியாகக் காரோடு சேர்த்து மொத்த எடை 3,500 கிலோ வரம்புக்குள் வருகிறதா என்று ஆர்.சி. புத்தகங்களைக் கூட்டிப் பார்த்தாள். வந்தது. அவளுடைய சாதாரண லைசென்ஸுக்கு அதுதான் எல்லை.

பிறகு விற்பவர் அனுமதியோடு ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் அவன். பின்சீட்டில் நான், குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு. 60, 70, 80. ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் லேசாக ஒரு தள்ளல், அவ்வளவுதான். டிரெய்லர் சமர்த்தாகப் பின்னால் வந்தது. திரும்பி வந்து இன்ஜினை அணைத்துவிட்டு, “இது” என்றாள்.

“பசை வெடிச்சிருக்கே” என்றான் அவன்.

“பூசிக்கலாம்.”

“ஆலங்கட்டி மழை வந்தா கூரையெல்லாம் பள்ளமாயிடும்.”

“கூரை மேல பள்ளம் விழுந்தா விழட்டும். உள்ள இருக்கறதுக்கும் வெளிய ஓட்டறவளுக்கும் ஒண்ணும் ஆகாம இருந்தா போதும்.”

எக்ஸெல் ஷீட்டை அவன் அப்புறம் திறந்ததாகத் தெரியவில்லை.

யாராவது உங்களிடம் ஃபைபரா உலோகமா என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். உங்கள் கிளைடருக்கென்றே செய்ததா என்று பாருங்கள். கிளைடரை ஏற்றி மூக்கின் எடையைப் பாருங்கள். பிரேக், டயர், காற்றோட்டம் மூன்றையும் பாருங்கள். இதெல்லாம் சமமாக இருந்தால், வெளியில் ஆலங்கட்டியில் கிடக்கப் போவதென்றால் ஃபைபர், எடை இடிக்கிறதென்றால் அலுமினியம். அதற்கு முன்னால், இழுக்கப் போகிறவரை ஒரு தடவை ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். பீர் மேஜையில் இரண்டு மணிநேரம் நடந்த வாதத்தில் இந்த ஒரு யோசனையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் இறங்குகிறவர்கள். கூட்டிவரப் போகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

ஆகஸ்டில் அவனிடமிருந்து மெசேஜ். கிளப்பிலிருந்து 110 கிலோமீட்டர் தள்ளி ஒரு கோதுமை வயலில் இறங்கிவிட்டானாம். வயல்காரர் ஆப்பிள் ஜூஸ் கொடுத்தாராம். இரண்டே கால் மணி நேரத்தில் அவள் டிரெய்லரோடு வந்து நின்றாளாம். கூடவே ஒரு போட்டோ. பின்னால் வைக்கோல் கட்டுகள், முன்னால் திறந்த அலுமினிய மூடி. அதில் ஜூலை மழை போட்ட அம்மைத் தழும்புகள் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அன்றைய ராத்திரிச் சாப்பாட்டு பில் 64 யூரோ. சட்டப்படி அவன்தான் கொடுத்தான்.